முப்பத்தாறு அடிக்கட்டை

எழுதாதீங்க அம்மணி. முதல்ல அந்தப் பேனாவை மூடுங்க.

காட்டுக்குள்ள கால் வெச்சு அஞ்சு நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள என்னத்தை எழுதறீங்க? பல்லைப் பிடிச்சுப் பார்க்காம, நடக்க விட்டுப் பார்க்காம எவனாவது மாட்டுக்கு விலை சொல்லுவானுங்களா? இந்தக் கடவுகிட்ட, வேலி வாசல்ல நின்னு பார்த்தா பத்துப் பதினொரு மரம்தான் தெரியும். உள்ள வந்து பார்த்தாத்தான் கணக்கு. வாங்க என்கூட. நாலு ஏக்கரும் நடக்கலாம். ஒவ்வொண்ணா நான் காட்டறேன், நீங்க எண்ணுங்க. இருங்க, கடவைப் பூட்டிட்டு வந்துடறேன். பழக்கமாயிடுச்சு. வெயில் அடிக்குது, இந்தாங்க, துண்டைத் தலையில போட்டுக்கங்க. வேண்டாங்களா? சரி, விடுங்க.

என் பேரு உங்க தாள்ல இருக்காது. சாமியாத்தாள்னு இருக்கும். அவ என் சம்சாரம். அதோ, கடவுக்கு வெளிய மூணு உருப்படியையும் ஓட்டிட்டு வந்து நிக்கிறா பாருங்க, மாட்டையும் பார்க்கணும்னு சொல்லி அனுப்பிச்சீங்களாமே. செவலை, மயிலை, மயிலையோட கிடாரி. நான் ஆறுக்குட்டி. காங்கயம் பக்கத்துல எந்தச் சந்தையில வேணாலும் போய்த் தரகு ஆறுக்குட்டின்னு கேளுங்க. பத்து வயசுல கயிறு பிடிக்கிற வேலைக்குச் சந்தைக்குள்ள போனவன். பள்ளிக்கூடத்துக்கு வாசல் எந்தப் பக்கம்னு தெரியாது. அடி வாங்கி, உதை வாங்கி, ஏமாந்து, அப்புறம் ஏமாறாம இருக்கக் கத்துக்கிட்டவன். நாப்பது வருஷத்துல நான் பேசி முடிக்காத பேரம்னு ஒண்ணு கிடையாதுங்க. தெரிஞ்சுக்கங்க. மிரட்டலைங்க, சும்மா சொன்னேன்.

விசயம் இதுதான். ஏக்கருக்குப் பத்து மரம், நாலு ஏக்கருக்கு நாப்பது மரம்னு நீங்க எழுதினா, இந்தக் காடு உங்க திட்டத்துல தேறும். கோடைக்குத் தீவனம் வரும், தண்ணித் தொட்டி வரும், வேலி அடைக்க ஆள் வரும். தேறலைன்னா, நாளைக்குக் காலையில என் மச்சான் மூலனூர்ல இருந்து வண்டி கொண்டுவர்றான். மூணு மாடும் அதுல ஏறும். கூடவே சாமியாத்தாளும் ஏறுவா. முப்பத்தோரு வருஷம் குடும்பம் பண்ணினவ. "மாட்டுக்கு நெழல் இருக்கற எடத்துக்கு நானும் போறனுங்"ன்னுட்டா. சண்டை போடலை, அழுகலை. சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறேன்னு சொல்ற மாதிரி சொல்றா. அதனாலதான் பேனாவை மூடச் சொன்னேன்.

இப்படி வாங்க. முள்ளு கிடக்கும், பார்த்து.

இது கொரங்காடுங்க. ஏர் பூட்டாத காடு. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். சுத்தியும் கிளுவை வேலி. உள்ள கொழுக்கட்டைப் புல்லு. நடுநடுவுல வெள்வேல மரம். மழை பேஞ்சா மாட்டுக்குப் புல்லு. சித்திரையில புல்லு கருகிப்போனா வெள்வேலங்காய். மரத்தடியில உதிர்ந்து கிடக்கும், மாடு பொறுக்கித் தின்னும், அது போடற சாணியில விதை கிடந்து அடுத்த மரம் முளைக்கும். யாரும் நடறதில்லை, தண்ணி ஊத்தறதில்லை. நாப்பத்தேழு மரம் இருந்துச்சு. காட்டை வாங்கறப்ப எண்ணித்தான் வாங்கினேன். ஆனா மரத்துக்குன்னு ஒரு பைசா கொடுக்கலை. புல்லு, மண்ணு, வேலி, அதுக்குத்தான் விலை. சும்மா முளைச்சதுக்கு என்னங்க விலை இருக்குது? அப்படித்தான் நினைச்சிருந்தேன். எல்லாரும் அப்படித்தான்.

ரெண்டு வருஷம் ஆகப்போகுது, ஒரு தம்பி வந்தார். கண்ணாடி போட்ட தம்பி. உங்க ஆபீசு இல்லைங்க, வேற. பேரு வேண்டாம். விவசாயி நிலத்துல மரம் வளர்க்கிற திட்டம்னார். கன்னு சும்மா தர்றோம், மகாகனி, தேக்கு, செம்மரம், பொழைச்ச கன்னுக்கு வருஷா வருஷம் ஊக்கத்தொகையும் உண்டுன்னார். செம்மரம்னு காதுல விழுந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளலை. வாங்க தம்பின்னு கூட்டிக்கிட்டு வந்து காட்டினேன். இதே மாதிரிதான். இதே வழிதான்.

சுத்திப் பார்த்துட்டு அவர் ஒரு வார்த்தை சொன்னார். "இத்தன மரம் இருக்குதுங்களே, இதுக்குள்ள எங்கீங்க கன்னு வெக்கிறது?"

அம்மணி, சந்தையில இதுக்கு என்ன அர்த்தம் தெரியுங்களா? வாங்க வந்தவன் மாட்டைச் சுத்தி வருவான். "சுழி சரியில்லையே, கொம்பு விரிஞ்சிருக்குதே, வால் கட்டையா இருக்குதே"ம்பான். மாடு வேண்டாம்னு அர்த்தம் இல்லை. நீ கொஞ்சம் இறங்கி வான்னு அர்த்தம். பிடிக்காத மாட்டுக்கு எவனும் குத்தம் சொல்ல மாட்டான், பேசாம அடுத்த மாட்டுக்குப் போயிடுவான். நான் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன். சரி, தம்பி பேரத்தை ஆரம்பிச்சுட்டார்னு புரிஞ்சுது. துண்டை எடுத்து ஒரு உதறு உதறினேன். அவர் கையைப் பிடிச்சேன். துண்டை மேல போட்டேன்.

சிரிக்காதீங்க. அதுதானுங்க எங்க முறை. வாயால விலை சொன்னா நாலு பேர் காதுல விழும். துண்டுக்கடியில விரலைப் பிடிச்சாத்தான் பேச்சு. ஒரு விரல்னா ஒரு பத்து. பிடிச்சதும் எதிராளி கையை இழுத்துக்கிட்டா ஒத்துக்கலைன்னு அர்த்தம். இழுக்காம விட்டுட்டா முடிஞ்சுது. அதுக்கப்புறம் பெத்த அப்பன் வந்து சொன்னாலும் பேச்சு மாறக் கூடாது.

நாலு விரலைப் பிடிச்சேன். நாப்பது மரம் நிக்கட்டும், ஏழை எடுத்துடறேன். தம்பி கையை இழுத்தார். மூணு பிடிச்சேன். இழுத்தார். ரெண்டு. நெளிஞ்சார், அப்புறம் இழுத்தார். கையெல்லாம் வேர்த்துப்போச்சு அவருக்கு. ஆள் சின்னவரா இருந்தாலும் கெட்டிக்காரர், அவ்வளவு லேசுல இறங்க மாட்டார்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு விரலைப் பிடிச்சு, மேல ஒரு தட்டுத் தட்டினேன். பதினொண்ணு. இழுக்கலை. சிரிச்சார். "சரிங்க, சரிங்க, விடுங்க"ன்னார். முடிஞ்சுதா இல்லையா? நீங்களே சொல்லுங்க. படிச்சவங்கதானே. முடிஞ்சுதுல்ல?

மறுநாளே மெஷின் ரம்பம் வந்துடுச்சு. பேசி முடிச்சதுக்கப்புறம் நாள் கடத்தறது என் வழக்கம் இல்லை. மூணு நாள். முப்பத்தாறு மரம். செங்கச் சூளைக்காரன் வந்து நின்னான், விறகுக்கு அடிமாட்டு விலை கேட்டான். விடுவனா நான்? மத்தியானம் வரைக்கும் அவனை நிக்க வெச்சுப் பேசி, அவன் நினைச்சே பார்க்காத விலைக்கு ஏத்தி விட்டேன். போறப்போ, "உங்ககிட்ட வியாபாரம் பண்றதுக்குச் சூளைக்குள்ளயே போய்ப் படுத்துக்கலாமுங்"ன்னுட்டுப் போனான். அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோசம்.

சாமியாத்தாள் மூணாம் நாள்தான் வந்தா. பால் சொசைட்டியில யாரோ சொல்லியிருக்காங்க. வந்து கடவுகிட்ட நின்னா.

"ஏனுங், என்ன பண்றீங்க?"

"கவர்மெண்டுல மரம் வெக்கச் சொல்லியிருக்குது."

"மரம் வெக்கறதுக்கு மரத்த வெட்டறீங்களா?"

"இது முள்ளு மரம். வரப்போறது செம்மரம். வெவரம் தெரியாமப் பேசாத."

"செம்மரத்த மாடு திங்குமா?"

அவளுக்கு எல்லாம் மாடுதானுங்க. அந்தச் செவலையோட ஆத்தாளைக் கன்னுலயே வாங்கி, தன் நகையை அடகு வெச்சு வளர்த்தவ. ஊர் மாட்டையெல்லாம் கை மாத்தி விட்டவன் நான், இந்த மூணு மாட்டுக் கயித்துல மட்டும் கை வைக்க விட்டதில்லை. "உங்க கை பட்டா மாடு சந்தைக்குப் போயிரும்"னு கேலி பேசுவா. அன்னைக்குக் கேலி பேசலை. விழுந்து கிடந்த கிளையில இருந்து காயை உருவி மடியில கட்டிக்கிட்டுப் போனா. அவ்வளவுதான். நான் கோபத்துல ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கும்.

இருபது நாள் கழிச்சுக் கன்னு வந்துச்சு. டெம்போவுல ஐநூறு கன்னு. அந்தத் தம்பி முன்னாடி உக்காந்து வந்தார். இறங்கினவர் அப்படியே நின்னுட்டார்.

"ஐயா, மரமெல்லாம் எங்கீங்க?"

"நீங்க கேட்ட மாதிரி பதினொண்ணு நிக்குது. எண்ணிக்கங்க."

"நான் எப்பங்க வெட்டச் சொன்னேன்? கன்னு வேலியோரம் வெச்சாப் போதுங்களே. இருக்கற மரம் அப்படியே இருக்கலாமே."

"அப்புறம் எதுக்குத் தம்பி கையை இழுக்காம விட்டீங்க?"

"நீங்க ஏதோ சந்தை முறையை விளையாட்டாக் காட்டறீங்கன்னு நினைச்சனுங்க."

விளையாட்டாம்! நாப்பது வருஷத் தொழிலு, விளையாட்டாம்! பேச்சு மாறறவன் எல்லாம் கடைசியில இதைத்தான் சொல்லுவான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். டெம்போ டிரைவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அந்தத் தம்பி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், கண்ணையும் துடைச்சார். காத்து காலம், தூசு விழுந்திருக்கும். அப்புறம் மாத்தலாயிப் போயிட்டார்னாங்க.

ஆனா ஒண்ணு. அவர் பேச்சு மாறினாலும் நான் மாறலைங்க. ஐநூறு கன்னையும் நட்டேன். குழி எடுத்தது, தண்ணி சுமந்தது எல்லாம் இந்தக் கைதான். கன்னு பெருசாகற வரைக்கும் ஆடு மாடு வாய் வைக்காமப் பார்த்துக்கணும்னு தாள்ல போட்டிருந்துச்சு. கைநாட்டு வெச்சிருக்கேன்ல? கடவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் அரைஞாண்கயித்துல. ஒன்றரை வருஷமா என்னைத் தவிர ஒரு உயிர் இந்தக் காட்டுக்குள்ள வந்ததில்லை. வாரத்துல நாலு நாள் நான் சந்தை சந்தையாப் போறவன், சாவியும் என்கூடவே வந்துடும்.

இதோ, இதுதான் மகாகனி. ஆமாங்க, இந்தக் குச்சிதான். மொத்தம் அறுபத்துச் சொச்சம் இருக்குது. மத்ததா? பாதி காஞ்சுபோச்சு. மீதியை மேஞ்சது செல்லியப்பன் வீட்டு வெள்ளாடு. செல்லியப்பன்னா என் பங்காளி, அடுத்த காடு அவனோடது. நான் கண்ணால பார்க்கலை, ஆனா வேற எதுங்க வரும்? கூப்பிட்டுக் கேட்டேன். இல்லவே இல்லைன்னான். பொழுதோட கோயிலுக்கு வந்து, ஊரே பார்க்கச் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணினான். "ஏன்டா, உன்ற சத்தியத்தை எந்தச் சந்தையில வித்தாலும் கயித்து விலை கூடத் தேறாது"ன்னேன். அன்னையில இருந்து பேச்சு வார்த்தை இல்லை. அவன் மகள் கல்யாணத்துக்கும் போகலை. சாமியாத்தாள் மட்டும் போயிட்டு வந்தா. கேட்டா, "ஒரு ஆளாவது போகணுமில்ல"ங்கறா.

மாடுங்களா? வீட்டுல தகரக் கொட்டாயில கட்டினதுதான். வைக்கோல் வாங்கிப் போட்டேன். ஒண்ணு சொல்லணும், போன கோடை வரைக்கும் மாடு மெலியவே இல்லைங்க. பாலும் குறையலை. வைக்கோலும் அவ்வளவாச் செலவாகலை. சாமியாத்தாள் சிக்கனக்காரி, கணக்காப் போடுவா. இந்த வருஷம்தான் மழை பொய்ச்சுப்போச்சு. விலா எலும்பு தெரியுது பாருங்க, இங்கிருந்தே தெரியுது. செவலைக்கு மடி வத்திப்போச்சு. தகரத்தடியில மத்தியானம் நின்னா மாடு நாக்கைத் தொங்கப் போடுது. அப்பத்தான் இவ அண்ணன் வீட்டுக்குப் போன் பண்ணினா. அவன் காட்டுல வெள்வேலு நிக்குது, அறுபது எழுபது.

இப்பப் பாருங்க கூத்தை. வெள்வேலு நிக்கிற கொரங்காட்டுக்குத் திட்டம்னு நீங்க வந்து நிக்கிறீங்க. மரம், புல்லு, மாடு மூணும் ஒரே எடத்துல இருக்கணும்ங்கறீங்க. ரெண்டு வருஷம் முன்னால எங்கீங்க போயிருந்தீங்க? காலேஜுல இருந்தீங்களா? சரி, உங்க மேல தப்பில்லை. ஆனா உங்க ஆபீசுல காலேஜு முடிச்சவங்க வேற யாருமே இல்லீங்களா?

சாமியாத்தாள்தான் சொசைட்டியில கேள்விப்பட்டு மனுப் போட்டிருக்கா. எனக்குப் போன வாரம்தான் தெரியும். அன்னைக்கு அவகிட்ட உக்காந்து பேசினேன். காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சு மத்தியானம் வரைக்கும். அவ கொட்டாயைக் கூட்டினா, சாணி அள்ளினா, நான் பின்னாடியே போய்ப் பேசினேன். கடைசியா ஒரு வார்த்தை வாங்கினேன். "அந்தத் திட்டத்துல இந்தக் காடு தேறுச்சுன்னா இருக்கறன். தேறலைன்னா போறன்." நான் பேசின பேரத்துலயே கஷ்டமானது அதுதானுங்க. எத்தனையோ ஆயிரம் மாடு கை மாத்தியிருக்கேன், அந்த ஒரு வார்த்தைக்குத் தொண்டை வத்திப்போச்சு.

அதனால இதைப் பாருங்க. குனிஞ்சு பாருங்க. இது அடிக்கட்டை. இது சாகலைங்க. வேரு உசிரோட இருக்குது, சுத்தியும் துளிர் விட்டிருக்குது பாருங்க. உசிரு இருக்குதுன்னா மரம்தானே? நிக்கறது பதினொண்ணு, கட்டை முப்பத்தாறு. ஆக நாப்பத்தேழு. ஏழைத் தள்ளிக்கங்க. உங்களுக்காகத் தள்ளறேன். நாப்பதுன்னு எழுதிடுங்க, முடிஞ்சுது.

என்னங்க? கட்டையைக் கணக்குல எடுக்க முடியாதுங்களா? ஏன் முடியாது? கட்டை இந்த மண்ணுலதானே நிக்குது, வானத்துலயா தொங்குது? கோபப்படலைங்க. என் குரலே அப்படி.

என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க. வெட்டின கட்டையில இருந்து கிளைச்சு, ஆள் உயரம் வந்திருந்தா அதை மரம்னு எடுத்துக்கலாமா? எழுத்துல இருக்குதுங்களா? அட, இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா அம்மணி! வெள்வேலுக்கு வளர்றதுக்குச் சொல்லியா கொடுக்கணும்? ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சு, ரெண்டு ஆள் உயரம் வந்திருக்கும். வாங்க, வாங்க. இது வேண்டாம், இது கொஞ்சம் சவலை. அந்தப் பக்கம் மண்ணு நல்லா இருக்கும்.

இது... முழங்கால் உயரம் இருக்குதுங்க. சரி, அடுத்ததைப் பார்ப்போம். இதுவும் முழங்கால்தான். அதோ, பள்ளத்துல ஒண்ணு இருக்குது, அங்க ஈரம் நிக்கும். இதுவும் அப்படித்தானா? நுனியெல்லாம் பாருங்க, கத்தரியில வெட்டின மாதிரி இருக்குது. வெள்ளாடுதான். செல்லியப்பன் ஆடு. நான் சொன்னேன்ல? இன்னைக்கு அவனை விடறதில்லை. இருங்க, நீங்க எதுக்குக் குனியறீங்க? என்ன அது கையில?

கொடுங்க.

மஞ்ச வில்லை. மாட்டுக் காதுல கவர்மெண்டு ஆஸ்பத்திரியில குத்தற வில்லை. இது எப்படி இங்க... ஆட்டுக்கு இதைக் குத்த மாட்டாங்களே. எனக்குப் படிக்கத் தெரியாது, எங்க மாட்டு நம்பர் மட்டும் மனப்பாடம். கடைசி நாலு நம்பர் படிங்க. நாலு, பூஜ்ஜியம், ஏழு, ஏழு.

செவலையோடதுங்க.

காதுல வில்லையைக் காணோம்னு போன மாசம் மாட்டு டாக்டரைப் போய்ச் சத்தம் போட்டுட்டு வந்தேன், ஒழுங்காக் குத்தலைன்னு. முள்ளுல மாட்டி இங்க விழுந்திருக்குது.

பேசாம இருங்க கொஞ்சம். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். இப்ப எனக்கே தெரியுது. ஆடுன்னா புழுக்கை போடும். இது காஞ்ச சாணி. இதோ, இதுவும் சாணி. இது நேத்துப் போட்டது. ஒன்றரை வருஷமா இதுமேல மிதிச்சு நடந்திருக்கேன். அதோ அந்த வேலியோரம், கிளுவை ரெண்டைச் சாய்ச்சு வெச்சிருக்குது. மாடு போய்ப் போய் வழவழன்னு தடம் விழுந்து கிடக்குது. நான் சந்தைக்குப் போற நாலு நாளும்.

சாமியாத்தா! ஏய், சாமியாத்தா! இங்க வாடி!

கேட்டீங்களா அவ சொல்றதை? "அங்க வந்தா மாடும் வரும். கடவு பூட்டியிருக்குதுங்களே"ங்கறா. உங்க முன்னாடி. என்னைப் பார்த்து.

எத்தனை நாளாடி?

"நீங்க பூட்டுன மறுநாள்ல இருந்துங்."

ஐநூறு கன்னு! உன்ற மாடுதான் தின்னுச்சா?

"மொதல்ல திங்கலை. காயி இருந்த வரைக்கும் திங்கலை. அப்புறம் வேறென்னத்தத் திங்கும்? காஞ்ச வைக்கோலு போடறீங்க, அதுல பாதி சூளைக்காரன் வீட்டுக் கூரையில இருந்து பிரிச்ச பழசு."

செல்லியப்பன் ஊர் நடுவுல சூடம் அணைச்சானே, அப்ப ஏன்டி வாயத் தொறக்கலை?

"தொறந்தனுங். நீங்க பேசி முடிக்கட்டும்னு நின்னன். நீங்க இன்னும் முடிக்கலை."

பாருங்க அம்மணி. பாருங்க. இந்த இடத்துல வேற எவனாவது நின்னிருந்தா... என்னங்க? தண்ணியா? வேண்டாங்க. கொஞ்சம் உக்கார்றேன். இந்தக் கட்டை மேலேயே உக்கார்றேன். நீங்களும் உக்காருங்க, கட்டைக்கா பஞ்சம்?

அவ பண்ணினது தப்பில்லீங்களா? சொல்லுங்க. நான் கைநாட்டு வெச்ச தாளு. கவர்மெண்டுக்குக் கொடுத்த வார்த்தை. அந்தத் தம்பி என்னைக்காவது திரும்பி வந்து கன்னை எண்ணினா என் மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்கறது? ஆனா மாடு உசிரோட நிக்குது. அதுவும் உள்ளதுதான். நான் பூட்டினபடியே இருந்திருந்தா இன்னைக்கு வண்டியில ஏத்த மூணு உருப்படி இருந்திருக்காது. நீங்க சொல்ல வேண்டாம். அந்தக் கணக்கு எனக்கு வருது.

இந்தத் துளிரும் அதனாலதான் வளரலை. செவலையும் மயிலையும் மேஞ்சு மேஞ்சு முழங்காலுக்கு மேல விடலை. மேயாம இருந்திருந்தா ஆள் உயரம் வந்திருக்கும், நாப்பதும் தேறியிருக்கும், ஆனா மாடு இருக்காது. இப்ப மாடு இருக்குது, மரம் இல்லை. இதுக்கு என்னங்க பேரம் பேசறது? யாரு கையைப் பிடிக்கறது?

முப்பதுன்னு எழுதுங்களேன். சரி, இருபத்தஞ்சு. அரசாங்கத்துல எவன் வந்து எண்ணப் போறான்? நான் காட்டிக்கொடுக்க மாட்டேன், அவளும் மாட்டா. கட்டையும் வாய் திறக்காது. அம்மணி, உங்க அப்பா வயசு இருக்கும் எனக்கு. கால்ல விழச் சொன்னாலும் விழறேன். எந்திரிக்காதீங்க. விழலை, விழலை. நில்லுங்க.

அவ அங்கிருந்து பார்த்துக்கிட்டே இருக்கா. கோயில்ல செல்லியப்பன்கிட்ட நான் பேசினப்பவும் அப்படித்தான் நின்னா. அவ முன்னமே எண்ணியிருப்பாளுங்க. எத்தனை நிக்குதுன்னு அவளுக்குத் தெரியாதா? வாரத்துல நாலு நாள் இதுக்குள்ள நடந்தவ. தேறாதுன்னு தெரிஞ்சுதான் எனக்கு அந்த வார்த்தையைக் கொடுத்திருக்கா. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சு அன்னைக்கு ரெண்டு வேளைச் சோத்தை ஒரே வேளையில தின்னேன்.

பதினொண்ணுன்னே எழுதுங்க.

ஆமா. பதினொண்ணு. நிக்கறதை மட்டும் எழுதுங்க. கட்டையை விட்டுடுங்க.

இல்லைங்க, கோபம் இல்லை. நீங்க சொல்றது கேக்குது. ஒவ்வொரு கட்டைக்கும் முள்ளு கட்டி விட்டா, ஒரு வருஷத்துல தலைக்கு மேல வந்துடும், அடுத்த வருஷம் மனுப் போடலாம். சரிங்க. முள்ளுக்கா இங்க பஞ்சம். முப்பத்தாறு கட்டைக்கும் நான் கட்டறேன். ஆனா அடுத்த வருஷத்தைப் பத்தி நாளைக்குக் காலையில வர்ற வண்டிக்கு என்ன தெரியும்?

வாங்க, கடவுகிட்டப் போகலாம். அவ கையெழுத்து வேணும்னீங்களே.

கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பூட்டைத் திறக்கறேன். திறந்துட்டேன் சாமியாத்தா. ரெண்டு பக்கமும் திறந்துட்டேன். பார்த்துக்க. உள்ள வரட்டும். ராத்திரிக்கு இங்கயே கூட நிக்கட்டும். நிழல் பதினொண்ணுதான் இருக்குது, மூணு மாட்டுக்குப் பதினொரு நிழல் பத்தாதா? மகாகனியைத் தின்னா தின்னுட்டுப் போகட்டும். கட்டைத் துளிருல மட்டும் வாய் வைக்காமப் பார்த்துக்கலாம், இன்னைக்கே முள்ளு வெட்டறேன். வா. ம், வா. ஹோய். ஹேய், செவலை! ட்ர்ர், வா இப்படி!

பின்னாடி போகுதுங்க. பாருங்க, நான் கை நீட்டினா பின்னாடி போகுது. கிடாரி அவ முதுகுக்குப் பின்னால போய் நின்னுக்குச்சு.

நாப்பது வருஷமா மாட்டைப் பின்னாடி நின்னு ஓட்டித்தானுங்க பழக்கம். வால் முறுக்கத் தெரியும், வண்டியில ஏத்தத் தெரியும். முன்னாடி நின்னு கூப்பிட்டதில்லை. இவ ஒரு சத்தம் கொடுப்பா, வாய்க்குள்ளயே, பொழுது சாயறப்போ வீட்டுல உக்காந்திருந்தா எனக்குக் கேக்கும். அது எப்படின்னு எனக்கு வரலைங்க.

நீங்க இருங்க அம்மணி. கையெழுத்து அப்புறம் வாங்கிக்கலாம்.

சாமியாத்தா. கடவு திறந்திருக்குது. நான் பேசி முடிச்சுட்டேன். நீ கூப்பிடு.